சால்மொனெல்லா "உள்ளது" என்பது பாதி பதில்தான்

ஆய்வக அறிக்கையில் "சால்மொனெல்லா உள்ளது" என்று ஒற்றை வரி வந்தால், அதை வைத்துக்கொண்டு பண்ணையில் உருப்படியாக எதுவும் செய்ய முடியாது. எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும். இந்த நுண்ணுயிரில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் பிரித்தறியப்பட்டிருக்கின்றன. கால்நடையிலும் கோழியிலும் அடிக்கடி தட்டுப்படுவது அவற்றில் சில டஜன்தான். ஆனால் அந்தச் சில டஜனும் ஒரே வழியில் பண்ணைக்குள் வருவதில்லை. கலினேரம் என்ற வகை வந்தால் கோழியைப் பார்க்க வேண்டும். அகோனா வந்தால் தீவனத்தை. எண்டெரிட்டிடிஸ் வந்தால் குஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சுண்டெலியையும். மாட்டுத் தொழுவத்தில் டப்ளின் வந்தால், கடைசியாக வாங்கிக் கட்டிய மாட்டை. வகை தெரியாமல் மருந்து தெளிப்பது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லா ஜன்னலையும் சாத்துவது போலத்தான்.

ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். டப்ளின், கென்டக்கி, ஹைடெல்பர்க் என்பதெல்லாம் அந்த வகை முதலில் எங்கே பிரித்தெடுக்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். உங்கள் பண்ணைக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. உடல் அந்நியமென்று அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் உருவாக்கும் கூறுதான் ஆன்டிஜென்; செல்லின் மேற்பரப்பிலுள்ள ஓ ஆன்டிஜென், நீந்த உதவும் கசையிழையிலுள்ள எச் ஆன்டிஜென், இந்த இரண்டையும் வைத்தே வகை பிரிக்கிறார்கள்.

அந்தக் கசையிழை சின்ன விஷயமாகத் தெரியலாம். நடைமுறையில் பலரைக் கவிழ்ப்பதே அதுதான். கோழிக்கென்றே ஒடுங்கிப்போன இரண்டு வகைகள் உண்டு: குஞ்சுகளைக் கொத்தாகச் சாகடிக்கும் புல்லோரம், வளர்ந்த கோழிகளில் டைஃபாய்டு தரும் கலினேரம். இரண்டுக்கும் கசையிழை கிடையாது, நீந்தாது. ஆய்வகங்களில் சால்மொனெல்லா தேடும் வழக்கமான முறையில், மாதிரியை முதலில் பெப்டோன் நீரில் 37 டிகிரி செல்சியஸில் சுமார் 18 மணி நேரம் வைத்துத் தேற்றுவார்கள். பிறகு ஒரு துளியை அரைக்கெட்டியான எம்.எஸ்.ஆர்.வி. ஊடகத்தில் இட்டு 41.5 டிகிரியில் வைப்பார்கள். நீந்தும் வகைகள் துளியிலிருந்து வெளியே பரவி, வெண்மையான ஒளிவட்டம் போலத் தெரியும். நீந்தாதவை போட்ட இடத்திலேயே கிடக்கும். பண்ணையில் டைஃபாய்டில் கோழி செத்துக்கொண்டிருக்கும்போது, எச்ச மாதிரிக்கு "இல்லை" என்று அறிக்கை வருவது இதனால்தான். ஆய்வகத்தில் யாரும் தவறு செய்யவில்லை. கேட்ட கேள்வி தவறு.

கலினேரம், புல்லோரம் சந்தேகம் என்றால் புதிதாகச் செத்த கோழியின் கல்லீரல், மண்ணீரல், சினைப்பை மூன்றையும் கொடுத்து, நீந்தாத வகைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அறுத்துப் பார்க்கும்போதே பாதி தெரிந்துவிடும். டைஃபாய்டில் கல்லீரல் வீங்கி, காற்றுப் பட்டதும் வெண்கலப் பச்சை நிறம் காட்டும். புல்லோரத்தைச் சுமந்து திரியும் தாய்க்கோழியின் சினைப்பையில் மஞ்சள்கருக்கள் உருண்டையாக இல்லாமல் கோணலாக, சுருங்கி, காம்பில் தொங்கும். குஞ்சுகளில் ஆசனவாயைச் சுற்றி வெள்ளை எச்சம் பசைபோல அப்பிக் காய்ந்திருக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை: நம் பேச்சில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட். அது வைரஸ் நோய். புல்லோரத்துக்கும் அதே சொல்லைப் புழங்கி, ஒன்றின் வைத்தியத்தை மற்றதற்குச் செய்வது நடக்கிறது. பதிவேட்டில் நோயின் பெயரையே எழுதுங்கள்.

உயிருள்ள கோழியில் கலினேரம், புல்லோரம் பார்க்க ரத்தத் தட்டுச் சோதனை இருக்கிறது. வெள்ளைத் தட்டில் சாயமேற்றிய ஆன்டிஜென் ஒரு துளி, இறக்கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் ஒரு துளி, கலந்து மெல்ல ஆட்டினால் 2 நிமிடத்துக்குள் திரி திரியாகக் கட்டினால் பாசிட்டிவ். 2 நிமிடம் தாண்டிக் காய்ந்து திரிவதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. எண்டெரிட்டிடிஸ் தொற்றியிருந்தாலும் இது கட்டும், ஏனென்றால் ஓ9 என்ற ஆன்டிஜென் மூன்றுக்கும் பொது. கலினேரத்துக்கான 9ஆர் தடுப்பூசி போட்ட மந்தையிலும் சில வாரங்கள் கட்டலாம். அதனால் தடுப்பூசித் தேதி தெரியாமல் இந்த முடிவைப் படிக்கவே கூடாது. தொற்றிய முதல் சில நாள்களில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது, ஆகவே ஒரே சோதனையில் மந்தை சுத்தம் என்று முடிவு கட்டவும் கூடாது.

அந்தப் பொது ஆன்டிஜெனுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல நாடுகள் ரத்தச் சோதனை செய்து, கட்டிய கோழியை எல்லாம் கழித்து, வணிகப் பண்ணைகளிலிருந்து கலினேரத்தையும் புல்லோரத்தையும் ஏறக்குறைய ஒழித்துவிட்டன. அமெரிக்காவில் அதற்கான தேசியத் திட்டம் 1935இல் தொடங்கியது. 1980களில் அதே நாடுகளில் முட்டை வழியே எண்டெரிட்டிடிஸ் கிளம்பியது. முந்தைய இரண்டும் இருந்தவரை மந்தைக்கு ஓ9க்கு எதிரான காப்பு இருந்தது, அவை போனதும் காலியான இடத்தில் இது குடியேறியது என்பது ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு விளக்கம். சுண்டெலியில் சுகமாக வாழும் வகை என்பதும் சேர்ந்துகொண்டது. எனக்கு இந்த விளக்கம் நியாயமாகவே படுகிறது, ஆனால் நிரூபணமான முடிவென்று சொல்ல மாட்டேன்.

எண்டெரிட்டிடிஸின் சாமர்த்தியம், கோழியை வாட்டாமல் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் தங்குவது. கோழி சாதாரணமாக மேயும், முட்டையிடும். ஓடு உருவாவதற்கு முன்பே நுண்ணுயிர் முட்டைக்குள் போயிருக்கும். மற்ற வகைகள் பெரும்பாலும் எச்சத்தின் வழியே ஓட்டின் மேல் ஒட்டி, பிறகு உள்ளே போகின்றன. எப்படிப் போகின்றன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இட்ட முட்டை கோழியின் உடல் சூட்டில், 40 டிகிரிக்கு மேல் இருக்கும். வெளியே வந்து ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கும். ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே காற்று உள்ளே இழுபடும், அகன்ற முனையில் காற்றறை உருவாவது அப்படித்தான். அந்த நேரத்தில் முட்டை ஈரமான கூளத்தில் கிடந்தால் காற்றோடு சேர்ந்து எச்சநீரும் இழுபடும். தரைமுட்டையைத் துடைத்து அடைக்கு வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால். துடைத்தால் அழுக்குதான் போகும், உள்ளே இழுபட்டது போகாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் கழுவும் நீர் முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் கழுவுவது அழுக்கைக் கையால் உள்ளே தள்ளுவதற்குச் சமம். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த முட்டையை நேரே வெப்பமான, ஈரமான அறைக்குக் கொண்டுபோனால் ஓடு வியர்க்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பொரிப்பகத்தில்தான் ஒன்று ஆயிரமாகிறது. 18ஆம் நாள் முட்டைகளைக் குஞ்சு பொரியும் பெட்டியான ஹேச்சருக்கு மாற்றுகிறார்கள். 21ஆம் நாள் ஓடு உடைகிறது. உள்ளே ஈரம், சூடு, விடாமல் சுழலும் மின்விசிறி. ஒரு முட்டையில் நுண்ணுயிர் இருந்தால், அந்தக் குஞ்சின் மேலிருக்கும் பூம்பஞ்சு காய்ந்து உதிர்ந்து, காற்றில் ஏறி, எல்லாத் தட்டுகளிலும் இறங்கும். அந்த நேரம் மற்ற குஞ்சுகள் முதல் மூச்சு விடுகின்றன, ஓட்டைக் கொத்துகின்றன. புதுக்குஞ்சின் குடல் காலியான நிலம், அங்கே போட்டி போட வேறு நுண்ணுயிர் இல்லை. வளர்ந்த கோழிக்கு லட்சக்கணக்கில் கொடுத்தாலும் பிடிக்காத தொற்று, முதல் நாள் குஞ்சுக்கு ஒரு சிலவற்றிலேயே பிடித்துவிடும். ஒரு பிராய்லர் தாய்க்கோழி தன் ஆயுளில் 130 முதல் 150 குஞ்சு வரை தரும். அந்தத் தாய்க்கு மேலே பாட்டிக் கோழி, அதற்கும் மேலே இன்னொரு தலைமுறை. ஏணியின் உச்சியில் ஒரு மந்தை தொற்றினால் பல நாடுகளின் பண்ணைகள் ஒரே வகையைச் சுமக்கும். மேலே உள்ள மந்தையைச் சுத்தமாக வைக்கச் செலவிடும் பணம்தான் இந்தத் தொழிலிலேயே பலன் மிகுந்த செலவு என்று நினைக்கிறேன்.

அடைமுட்டைக்குப் புகையிடுவதைப் பற்றி அளவோடு சொல்லிவிடுகிறேன், இதில் தப்பு அதிகம். 100 கன அடிக்கு 40 மில்லி ஃபார்மலின், 20 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்பது ஒரு மடங்கு. அடைமுட்டைக்கு வழக்கமாக மூன்று மடங்கு, அதாவது 120 மில்லியும் 60 கிராமும், 20 நிமிடம். அறை 24 டிகிரிக்குக் குறையக் கூடாது, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் வேண்டும். வறண்ட, குளிர்ந்த அறையில் புகை வந்தாலும் வேலை செய்யாது. பெர்மாங்கனேட்டை முதலில் பாத்திரத்தில் போட்டு, அதன்மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டு உடனே வெளியேற வேண்டும். கலவை கொதித்துப் பொங்கும், அதனால் பாத்திரம் ஊற்றும் அளவைப்போல் பத்து மடங்கு கொள்ளளவுள்ள மண் அல்லது எனாமல் பாத்திரமாக இருக்கட்டும். அடைக்கு வைத்து 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் புகையிட்டால் கரு செத்துவிடும். ஃபார்மலின் ஆவி புற்றுநோய் தரக்கூடியது, அதற்கான வடிகட்டி உள்ள முகமூடி இல்லாமல் யாரும் இதைச் செய்ய வேண்டாம். எச்சம் ஒட்டிய ஓட்டில் புகை ஊடுருவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குஞ்சின் குடலைக் காலி நிலமாக விடாமல் நல்ல நுண்ணுயிர்களால் முந்தி நிரப்பிவிடலாம் என்று காட்டியவர் பின்லாந்து ஆய்வாளர் நுர்மி. அங்கே 1971இல் தீவனம் வழியே பிராய்லர்களில் இன்ஃபாண்டிஸ் என்ற வகை பரவியது. ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களை முதல் நாள் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மொனெல்லா ஒட்ட இடமில்லாமல் போகிறது என்பதை சக ஆய்வாளர் ரன்டாலாவுடன் சேர்ந்து 1973இல் வெளியிட்டார். இன்று இதற்கான கலவைகள் பரிசோதித்து விற்கப்படுகின்றன. ஆனால் நேரம்தான் எல்லாம். பொரிப்பகத்திலேயே, தீவனம் தொடும் முன் கொடுக்க வேண்டும். நான்காம் நாள் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பது அந்தக் கலவையின் குறையல்ல. கையோடு ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தால் ஊற்றியதை உடனே கழுவிவிட்ட மாதிரி.

பண்ணைக்குள் வந்த வகை அடுத்த பேட்ச் வரை எங்கே ஒளிந்திருக்கும்? கூளத்தை அள்ளியாயிற்று, கழுவியாயிற்று, மூன்று வாரம் காலியாகவும் விட்டாயிற்று, இருந்தும் அதே வகை திரும்ப வருகிறது என்றால் பெரும்பாலும் மூன்று இடங்கள். ஒன்று சுண்டெலி. தொற்றிய சுண்டெலியின் ஒரே புழுக்கையில் லட்சத்துக்கும் மேல் நுண்ணுயிர்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. தீவனத் தொட்டியில் விழும் புழுக்கையைக் கோழி விதை என்று கொத்திவிடும். பென்சில் நுழையும் சந்து, சுமார் 6 மில்லிமீட்டர், அதற்குப் போதும். சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டருக்கு மேல் போகாது, ஆகவே விஷப்பெட்டியை ஷெட்டின் நான்கு மூலையில் வைப்பது வீண். சுவரோரம் 2, 3 மீட்டருக்கு ஒன்று வேண்டும். இரண்டாவது, கூளத்தில் வாழும் கருவண்டு. கோழி போனதும் கூளம் ஆறும், வண்டுகள் சூடு தேடிச் சுவருக்குள்ளும் வெப்பக்காப்புத் தகட்டுக்குள்ளும் ஏறிவிடும். சுத்தம் எல்லாம் முடிந்தபின் பூச்சிமருந்து அடித்தால் அவை ஏற்கெனவே பத்திரமாக இருக்கும். கோழியை ஏற்றி அனுப்பிய அன்றே, கூளம் சூடாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். மூன்றாவது, கூண்டின் இணைப்புகளில் பகலில் பதுங்கி இரவில் ரத்தம் குடிக்கும் செம்பேன். கலினேரம் ஒரு பேட்சிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதில் இதற்குப் பங்கு உண்டு.

கழுவுவதில் ஒரு விஷயம் பலருக்கு நம்பக் கடினம்: அரைகுறையாகக் கழுவுவது கழுவாததைவிட மோசமாகலாம். காய்ந்த தூசியில் இந்த நுண்ணுயிர் பெருகாது, சும்மா கிடக்கும். ஒரு வருடத்துக்கு மேலும் கிடக்கும். அதில் நீரைப் பாய்ச்சி, சோப்பும் போடாமல், காயவும் விடாமல் விட்டால் ஈரம் கிடைத்த சந்துகளில் எல்லாம் பெருகத் தொடங்கும். முறை இதுதான்: முதலில் உலர்ந்தபடியே கூரை தொடங்கிக் கீழ்நோக்கிப் பெருக்கி அள்ளுவது. பிறகு சோப்பு நுரையடித்து 20, 30 நிமிடம் ஊற விடுவது. அழுத்த நீரில் கழுவுவது. முழுக்கக் காய விடுவது. அதன் பிறகே கிருமிநாசினி. ஈரத் தரையில் ஊற்றும் கிருமிநாசினி அங்கே தேங்கிய நீரில் நீர்த்துப்போகும், எச்சத்தின் மேல் ஊற்றினால் எச்சத்தோடு சண்டையிட்டே தீர்ந்துபோகும். அளவு சதுர மீட்டருக்குச் சுமார் 300 மில்லி கரைசல். 1,000 சதுர மீட்டர் தரையுள்ள ஷெட்டில் சுவரும் கூரையும் சேர்ந்தால் பரப்பு 2,500 வரை வரும். அதற்கு 750 லிட்டர் வேண்டும். ஒரு 200 லிட்டர் பீப்பாயில் கரைத்துத் தெளித்து முடித்தவர்களுக்குத் திரும்ப வருவதில் வியப்பில்லை. கோழி நீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் உள்பக்கம் படியும் வழவழப்பான ஏட்டை மறக்க வேண்டாம். ஷெட் காலியாக இருக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை நிரப்பி ஊறவிட்டு அலசினால்தான் அது கழன்று வரும். கோழி இருக்கும்போது குளோரினைக் கடைசி நிப்பிளில் அளக்க வேண்டும், தொட்டியில் அல்ல.

தீவனத்துக்கு வருவோம். 1970ஐ ஒட்டி, பெரு நாட்டு மீன்தூளில் இருந்த அகோனா, அதைத் தீவனத்தில் சேர்த்த நாடுகளின் கோழிகளுக்குப் போய், அங்கிருந்து மனிதர்களுக்கும் போனது. அதற்கு முன் அரிதாக இருந்த வகை சில வருடங்களில் பல நாடுகளில் சாதாரணமானது. தீவன ஆலையில் 80 முதல் 85 டிகிரியில் நீராவியோடு பக்குவப்படுத்தினால் பெரும்பகுதி சாகும். உலர்ந்த சூட்டில் சாகாது, ஈரம் சேர வேண்டும். ஆனால் ஆலைகளில் கோளாறு நடப்பது சூடாக்குமிடத்தில் குறைவு, ஆறவைக்கும் இடத்தில் அதிகம். குளிர்விப்பான் உள்ளிழுக்கும் காற்று மூலப்பொருள் கொட்டும் குழியின் தூசியோடு வந்தால், சூடாக்கிக் கொன்றதெல்லாம் மறுபடி ஏறும். சூடான குச்சித் தீவனத்திலிருந்து எழும் ஆவி குளிர்விப்பானின் மூடியில் முத்துமுத்தாகக் கோத்து நிற்பதைக் கையால் தொட்டே பார்க்கலாம். அந்தத் துளிகளும் அவற்றில் ஒட்டிய தூசியுமே மாதிரி எடுக்கச் சரியான இடம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுப்பதால் ஒன்றும் தெரியாது. ஃபார்மிக் போன்ற அமிலம் கலந்த தீவனமென்றால் ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அமிலம் ஊடகத்தைக் கெடுத்து இல்லாத சுத்தத்தைக் காட்டிவிடும்.

மாட்டில் கதை வேறு. டப்ளின் மாட்டுக்கென்றே பழகிய வகை. கன்றுகளில் கழிச்சலைவிட மூச்சுத்திணறலும் காய்ச்சலுமாக வரும், அதனால் நுரையீரல் நோய் என்று நினைத்துவிடுவார்கள். பெரிய மாடு கன்று வீசும். பிழைத்த மாடு வருடக்கணக்கில் விட்டுவிட்டுச் சாணத்திலும் பாலிலும் வெளியேற்றிக்கொண்டிருக்கும், பார்க்கத் திடகாத்திரமாக இருக்கும். கல்லீரல் தட்டைப்புழு உள்ள மந்தையில் இப்படிச் சுமக்கும் மாடு அதிகம் என்பதால் புழுநீக்கமும் இதில் ஒரு பகுதி. நோயுற்ற மாட்டைக் கட்டும் கொட்டடியிலேயே கன்று ஈனவும் விடுவதுதான் நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய தவறு. ஈனும் அழுத்தத்தில் சுமக்கும் மாடு அதிகம் வெளியேற்றும், பிறந்த கன்று அதிலேயே விழும். சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, முதல் சில மணி நேரத்துக்குள் போக வேண்டும். விற்க முடியாத பாலைக் கன்றுக்கு ஊட்டுவதானால் 63 டிகிரியில் 30 நிமிடம் காய்ச்சுங்கள். சீம்பாலுக்கு 60 டிகிரி, 60 நிமிடம். அதற்கு மேல் போனால் கூழாகி, எதிர்ப்பொருளும் கெடும்.

பன்றிகளில் முக்கியமான இடம் பயணமும் அறுப்பிடத்துக் கொட்டடியும். பண்ணையில் சுத்தமாக இருந்தவை கழுவாத கொட்டடியில் 2 மணி நேரம் நின்றாலே தொற்றிக்கொள்கின்றன. கோழியிலும் இதற்கு இணை உண்டு: ஏற்றுவதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்தும்போது பசியில் கூளத்தைக் கொத்தும், தீவனப்பை நிறையத் தொற்றோடு போகும்.

இனி மருந்து. ஆன்டிபயாட்டிக் சாவைக் குறைக்கும், மந்தையைச் சுத்தமாக்காது. காப்பாக நிற்கும் மற்ற குடல் நுண்ணுயிர்களைக் கொன்று, குறைந்த அளவு தொற்றே பிடிக்கும்படி செய்துவிடும். அதோடு எதிர்ப்புள்ள வகையைத் தேர்ந்தெடுத்தும் கொடுக்கும். 1990களில் உலகெங்கும் பரவிய டைஃபிமூரியம் வகையின் டி.டி.104 என்ற கிளை ஐந்து மருந்துகளுக்கு ஒருசேர அசையாதது. இன்று பிராய்லர்களில் பரவும் இன்ஃபாண்டிஸ், பல மருந்தெதிர்ப்பு மரபணுக்களை பிளாஸ்மிட் என்ற ஒரே பெரிய டி.என்.ஏ. வளையத்தில் சுமக்கிறது. கனடாவின் கியூபெக்கில் பொரிப்பகங்கள் முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவதை 2005இல் தாமாகவே நிறுத்தியபோது, கோழி இறைச்சியிலும் மனிதர்களிலும் எதிர்ப்புள்ள ஹைடெல்பர்க் சட்டென்று குறைந்தது. ஓரளவு மீண்டும் தொடங்கியதும் மீண்டும் ஏறியது. மனிதர்களின் உயிர்காக்கும் மருந்துகளின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை முட்டைக்குள் ஏற்றியதன் விலை இவ்வளவு நேரடியாகத் தெரிந்த இடம் அரிது.

தடுப்பூசி தொற்றைத் தடுக்காது, குடலிலும் முட்டையிலும் அளவைக் குறைக்கும். வகை இங்கேயும் வருகிறது: எண்டெரிட்டிடிஸுக்கான ஊசி இன்ஃபாண்டிஸுக்குப் பெரிதாக உதவாது, ஓ குழுவே வேறு. முன்பிருந்த வகை தெரியாமல் ஊசி வாங்குவது காசை விடுவது.

மாதிரி எடுக்கும்போது கணக்கு முக்கியம். 100இல் 5 கோழிக்குத் தொற்று இருந்தால் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்கச் சுமார் 60 கோழி பார்க்க வேண்டும். 100இல் ஒன்றென்றால் சுமார் 300. ஐந்து எச்சத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியடைய முடியாது. கூளத்தில் வளரும் மந்தைக்கு, ஈரமாக்கிய துணி உறையைப் பூட்ஸின் மேல் மாட்டிக்கொண்டு ஷெட் முழுக்க நடப்பது மலிவானது, பலனும் அதிகம். சுவரோரமும் நடுவும் இரண்டும் சேர நடக்க வேண்டும். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டாம். சுத்தம் செய்தபின் எடுப்பதானால் பளிச்சென்ற தரையின் நடுவில் அல்ல, தரை வெடிப்பில், மின்விசிறி இறக்கையின் பின்பக்கம், தீவனக் கூம்பின் மூலையில். துடைக்கும் பஞ்சில் கிருமிநாசினியை முறிக்கும் கரைசல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பஞ்சோடு போன மருந்து மாதிரியிலேயே எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

கடைசியாக ஆய்வகத்திடம் ஒன்று கேளுங்கள்: கிடைத்த நுண்ணுயிரை எறியாமல் உறைநிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஷெட்டில் அதே வகை மீண்டும் வந்தால், இரண்டின் மரபணு வரிசையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒன்றேயானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சுத்தத்தையும் எலியையும். தெளிவாக வேறென்றால் குஞ்சோடோ தீவனத்தோடோ புதிதாக வந்திருக்கிறது. பொரிப்பகத்திலிருந்து எடுத்து வைத்த மாதிரியும் இருந்தால் அந்தக் கேள்வியும் அங்கேயே தீர்ந்துவிடும்.